அயான் த்ரஸ்டர் கணக்குல பசங்க வழுக்கி விழற எடங்க

காட்பாடி பக்கத்துலேர்ந்து வருஷா வருஷம் யாராவது பசங்க அயான் த்ரஸ்டர் புராஜெக்ட் எடுத்துக்கினு வருவாங்க, அதாவது காஸுக்கு கரண்டால சார்ஜ் ஏத்தி (அதான் அயான்) வேகமா வெளிய தள்ளி விண்கலத்த நகத்துற என்ஜின். நோட்ட தொறக்கறதுக்கு முன்னாடி பழைய தடி அஞ்சு ரூபா காயின் ஒண்ண அவங்க உள்ளங்கையில வெப்பேன், 9 கிராம். 1998ல போன நாசாவோட டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்து என்ஜின் 2.3 கிலோவாட் இழுத்து தள்ளுனது 92 மில்லிநியூட்டன், அந்த காயின் கைய அழுத்துற அளவுதான். டான் விண்கலத்துலயும் அதே வகை என்ஜின், எடை 1,200 கிலோவுக்கு மேல, ஒரு மணி நேரம் முழுசா தள்ளுனா வேகம் மணிக்கு 1 கிலோமீட்டர்தான் கூடும். ஆனா வருஷக்கணக்குல தள்ளி தள்ளியே 2011ல வெஸ்டான்ற சிறுகோளையும் 2015ல சீரிஸ்ன்ற குறுங்கோளையும் புடிச்சிடுச்சி. தரையிலேர்ந்து கெளம்ப இது ஆகாது, அத்தோட விடுங்க.

நான் ரொம்ப பாக்குற தப்பு இன்னான்னா, "அண்ணா, ஐஎஸ்பி 1500 செகண்ட விட 3000 நல்லதுதானே?"ன்றது. ஐஎஸ்பின்னா காஸ் எவ்ளோ வேகமா வெளிய போவுதுன்றதுக்கான அளவு, கூடுனா காஸ் கம்மியா செலவாகும். ஆனா அதுக்கு ஆகுற கரண்ட கணக்குல சேத்துக்கவே மாட்டாங்க. பவர் அதேதான்னா, காஸ் ரெண்டு மடங்கு வேகமா வெளிய போச்சுன்னா தள்ளுற விசை பாதியாயிடும். 1 கிலோவாட், 60 சதவீதம் எஃபிஷியன்சின்னு வெச்சுக்கோங்க, 1500ல 80 மில்லிநியூட்டன் கெடைக்கும், 3000ல 40தான். வெளிய தள்ளுற காஸ், அதான் செனான், மிச்சமாகும், ஆனா போய் சேர்ற நாள் இழுக்கும், இல்ல சோலார் பேனல பெருசாக்கணும், அப்ப அந்த எடையும் ஏறும். அதனால எத்தன நாள்ல போகணும், எவ்ளோ பவர் இருக்குன்னு மொதல்ல எழுதுங்க, ஐஎஸ்பி அதுக்கப்புறம் தானா வரும்.

பாதி டிராயிங்ல நியூட்ரலைசர் கேத்தோடே, அதாவது எலக்ட்ரான வெளிய விடற பாகமே, இருக்காது. பாசிட்டிவ் அயான மட்டும் வெளிய தள்ளிக்கினே இருந்தா விண்கலம் நெகட்டிவா சார்ஜ் ஏறி, அனுப்புன அயானயே திரும்ப இழுக்கும், எலக்ட்ரானயும் சேத்து விட்டே ஆகணும்.

டெல்டா-விக்கு, அதாவது மொத்தமா எவ்ளோ வேகத்த மாத்தணும்ன்ற கணக்குக்கு, ஹோமன் ஃபார்முலா போடாதீங்க. அது ரெண்டே தடவ பலமா தள்ளி பாதை மாத்துற ராக்கெட்டுக்கு, இது மெதுவா சுருள் சுருளா ஏறும். 400 கிலோமீட்டர் உயரத்துலேர்ந்து ஜியோவுக்கு (பூமி சுத்துற வேகத்துலயே சுத்துற புவிநிலை சுற்றுப்பாதை), பாதை சாய்வு மாத்தாமலே, ஹோமன்ல செகண்டுக்கு சுமார் 3.9 கிலோமீட்டர், இதுல சுமார் 4.6.

டெஸ்ட்லதான் மனசு ஒடையும். வேக்கம் சரியா இல்லன்னா சேம்பர்ல மிச்சமிருக்கற காஸையும் ஹால் த்ரஸ்டர் (இதுவும் ஒரு வகை அயான் என்ஜின்) உள்ள இழுத்து அயானாக்கி, இல்லாத விசைய காட்டும். ஒரு டீம் மூணு மாசம் உழைச்சி எடுத்த ரீடிங் நல்லா வந்துச்சின்னு சந்தோஷமா காட்டுனாங்க, நான் காஸ மூடிட்டு, விசைய அளக்குற ஸ்டாண்டுக்கு போற தடிமனான பவர் கேபிள விரலால லேசா தள்ளுனேன், அதே ரீடிங் வந்துச்சி, அந்த பையன் மூஞ்சி இன்னும் கண்ணுல நிக்குது. மெல்லிசு ஒயர் போடுங்க, தொங்க விடுங்க. நம்ம ஊரு வெயில்ல மத்தியானம் ரூம் சூடேற ஏற ஜீரோவும் (த்ரஸ்டர் ஓடாதப்ப ஸ்டாண்டு காட்டுற ரீடிங்) நகரும், அதனால ஒவ்வொரு தடவ ஓட்டுறதுக்கு முன்னாடியும் நிறுத்துன பிறகும் ஜீரோவ குறிச்சி வைங்க.