ஆட்டோகேடில் ‘ஹிஸ்டரி’யை அழிக்கப் போகிறீர்களா? முதலில் இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

“ஹிஸ்டரியைக் கிளியர் பண்ணிட்டேன்” என்று ஒரு டிராஃப்டர் சொன்னால், “எந்த ஹிஸ்டரியை?” என்று கேட்பதுதான் முறை. கணினியில் வரைபடம் வரைய உதவும் ஆட்டோகேட் மென்பொருளில் அந்த ஒரு பெயருக்குள் நான்கு சமாச்சாரம் இருக்கிறது. எஃப்2 அழுத்தினால் உரைச் சாளரத்தில் விரியும் உரை ஒன்று. மேல் அம்புக்குறியைத் தட்டினால் வரிசையாக வரும் பழைய உள்ளீடுகள் இன்னொன்று. அந்த உரையை அப்படியே பதிந்து வட்டில் எழுதப்படும் லாக் கோப்பு மூன்றாவது. அன்டூ செய்வதற்காக, அதாவது செய்ததைத் திரும்பப் பெறுவதற்காக, மென்பொருள் சேர்த்து வைத்திருக்கும் படிகள் நான்காவது. ஒன்றைத் துடைத்தால் மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதோடு பர்ஜையும் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பர்ஜ், டிராயிங்கில் யாரும் பயன்படுத்தாத பிளாக், லேயர், லைன்டைப் போன்றவற்றை நீக்கும். நீங்கள் தட்டிய கட்டளைகளுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

திரையில் இல்லாவிட்டால் அழிந்துவிட்டதா?

உரைச் சாளரத்தை வெறுமையாக்க ஆட்டோகேடில் தனிக் கட்டளை இல்லை. அதனால் சிலர் ஐம்பது, நூறு வெற்று வரிகளை அச்சிடும் ஒரு குட்டி லிஸ்ப் நிரலை வைத்துக்கொள்கிறார்கள். அது பழைய வரிகளை மேலே தள்ளுகிறது, அவ்வளவே. சுருளை மேலே இழுத்தால் எல்லாம் அங்கேயே இருக்கும். கண்ட்ரோல்+9 கட்டளை வரியை மறைக்க மட்டும் செய்யும். உண்மையிலேயே போக வேண்டுமென்றால் ஆட்டோகேடை மூடித் திறப்பதே எளிய வழி, லாக் ஓடாமல் இருந்தால்.

அந்த ‘இருந்தால்’தான் முக்கியம். லாக்ஃபைல்மோட் என்ற மாறியின் மதிப்பு 1 என்றால், உரைச் சாளரத்தில் வரும் ஒவ்வொரு வரியும் கோப்பாக வட்டில் இறங்குகிறது. மென்பொருளை மூடினாலும் அந்தக் கோப்பு போகாது. இந்த மதிப்பு விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பதிவாவதால், மறுநாள் திறக்கும்போதும் லாக் தானாகவே எழுதத் தொடங்கும். பலதுறைத் தொழிற்கல்லூரி ஆய்வகமானாலும், சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும் பணித்தள அலுவலகமானாலும், முன்னால் உட்கார்ந்தவர் இதை இயக்கிவிட்டுப் போயிருக்கலாம்.

அதில் அப்படி என்ன இருக்கும் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். எக்ஸ்ரெஃப் (டிராயிங்கோடு இணைத்த வேறு டிராயிங்) ஏறும்போது சர்வர் பாதை முழுசாக வரலாம். பாதையில் வாடிக்கையாளர் பெயரும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் எண்ணும் இருக்கும், ஏனென்றால் ஃபோல்டருக்கு நாம் அப்படித்தான் பெயர் வைக்கிறோம். கோப்பின் பெயரிலேயே டிராயிங்கின் பெயர் ஒட்டியிருக்கும். சர்வே டிராயிங்கில் ஒரு புள்ளியின் இடத்தைக் காட்டும் ஐடி கட்டளை போட்டிருந்தால் எக்ஸ், ஒய் மதிப்பு வந்திருக்கும். டிராயிங் சிங்கப்பூர் நில அளவையின் எஸ்விஒய்21 ஆயத்தொலைவில் இருந்தால் மனை எங்கே என்று கண்டுபிடிக்க அந்த இரண்டு எண்ணே போதும்.

செய்ய வேண்டிய வரிசை இது. லாக்ஃபைல்மோட் என்று தட்டி மதிப்பைப் பாருங்கள். 1 என்றால் 0 ஆக்குங்கள். ஆப்ஷன்ஸ் பெட்டியில் ‘ஓப்பன் அண்ட் சேவ்’ பகுதியில் லாக் கோப்புக்கான டிக்கை எடுத்தாலும் அதே விளைவுதான். பிறகு லாக்ஃபைல்பாத் தட்டினால் எந்த ஃபோல்டர் என்று காட்டும். ஆட்டோகேடை மூடிவிட்டு, அங்கே போய் லாக் கோப்புகளை நீக்குங்கள். ரீசைக்கிள் பின்னையும் மறக்காதீர்கள்.

அம்புக்குறியில் வரும் பழைய உள்ளீடுகளுக்கு இன்புட்ஹிஸ்டரிமோட் என்ற மாறி. இதன் மதிப்பு 1, 2, 4, 8 ஆகியவற்றின் கூட்டு; ஒவ்வொரு எண்ணும் ஒரு வசதியை இயக்கும். வழக்கமான மதிப்பு 15. எரிச்சலில் 0 போட்டுவிட்டு, வலது கிளிக்கில் சமீபத்திய உள்ளீடு வரவில்லையே என்று தேடுபவர்கள் உண்டு. சமீபத்திய புள்ளிகளுக்கான குறிகள் மட்டும்தான் தொல்லை என்றால் 8ஐக் கழித்து 7 போடுங்கள்.

ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டுவது

கட்டளை வரியில் வலது கிளிக் செய்து ‘காப்பி ஹிஸ்டரி’ தேர்ந்தால் எல்லா வரியும் நகலாகும். பிழையை ஐடி ஆளுக்கு அனுப்ப நாலு வரி போதும்; அதை மட்டும் தேர்ந்து அனுப்புங்கள். பெரிய ஆபத்து வேறு. நகலெடுத்ததை நோட்பேடில் ஒட்டுவதாக நினைத்து, கர்சர் ஆட்டோகேடின் கட்டளை வரியில் இருக்கும்போதே கண்ட்ரோல்+வி அடித்தால், அந்த உரை கட்டளையாகவே ஓடும். இடைவெளியும் வரி முடிவும் அதற்கு என்டர். வெற்று வரி வந்தால் கடைசிக் கட்டளையே மறுபடி தொடங்கும். நடுவில் எங்கோ ‘இரேஸ்’, ‘ஆல்’ (எல்லாவற்றையும் அழி) இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உடனே எஸ்கேப், பிறகு அன்டூ.

அன்டூவைத் தொடும் முன்

கணினி மெதுவாகிறது என்று கட்டளை வரியில் அன்டூ, கண்ட்ரோல், நன் என்று போடுபவர்கள் இருக்கிறார்கள். அது அன்டூவை நிறுத்துவதோடு, அதுவரை சேர்ந்திருந்த படிகளையும் தூக்கி எறிந்துவிடும். பிறகு ‘ஆல்’ போட்டாலும் போனது போனதுதான். அந்தக் கணத்திலிருந்துதான் புதிதாகச் சேரும்.

டெம்ப் ஃபோல்டரைக் காலி செய்வதும் இதே ரகம். ஏசி$ என்று முடியும் கோப்புகள் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோகேடுடையவை. திறந்திருக்கும்போது அவற்றில் கை வைக்காதீர்கள். எஸ்வி$ என்று முடிபவை தானியங்கிச் சேமிப்பு. அதன் இடைவெளியான சேவ்டைம் வழக்கமாக 10 நிமிடம். முறையாக மூடினால் அவை தாமாகவே போய்விடும். அங்கே ஒன்று மிஞ்சியிருந்தால் ஏதோ ஒரு டிராயிங் கிராஷ் ஆகியிருக்கிறது என்று பொருள். நீட்டிப்பை டிடபிள்யூஜி என்று மாற்றித் திறந்து பார்க்காமல் நீக்க வேண்டாம்.

ரைனோ, ஃபியூஷன் பக்கம் போனால்

ஆட்டோகேட் பழக்கத்தோடு இந்த முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள்களுக்கு வருபவர்கள்தான் பெரிதாக இழக்கிறார்கள். ரைனோவில் கட்டளை உரையைக் காட்டுவது கமாண்ட்ஹிஸ்டரி. அன்டூ நினைவகத்தை விடுவிப்பது கிளியர்அன்டூ. ஹிஸ்டரிபர்ஜோ மூன்றாவது ரகம்: மூல வளைவை இழுத்தால் கூடவே மாறும் லாஃப்ட் பரப்பின் (வளைவுகளை இணைத்து உருவாக்கும் பரப்பு) அந்த உறவையே அது அறுக்கும். உரையைத் துடைப்பதாக நினைத்து இதைப் போட்டால் வடிவம் அப்படியே நிற்கும், ஆனால் வளைவை எப்படி இழுத்தாலும் பரப்பு அசையாது. அதனால் தவறு உடனே கண்ணில் படுவதும் இல்லை.

ஃபியூஷனில் மேல் நிலைக் காம்பொனன்ட்டில் வலது கிளிக் செய்தால் ‘டிசைன் ஹிஸ்டரியைப் பதிவுசெய்யாதே’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். கீழே நீளும் டைம்லைன் இடத்தை அடைக்கிறது என்று அதைச் சொடுக்கினால் எக்ஸ்ட்ரூட், ஃபில்லட் போன்ற படிகள் எல்லாம் கரைந்து, படிப்படியாகப் பின்னால் போய்த் திருத்த முடியாத வடிவம்தான் மிஞ்சும். மறுபடி இயக்கினாலும் பழைய படிகள் வராது. சேமித்து மூடிவிட்டீர்களா? டேட்டா பேனலில் அந்தக் கோப்பின் பதிப்பு எண்ணைச் சொடுக்கி, அதற்கு முந்தைய பதிப்பைத் திறந்து, அதையே நடப்புப் பதிப்பாக்குங்கள். டைம்லைனை ஒளிக்கத்தான் வேண்டுமென்றால் அதன் பட்டையைச் சுருக்கினாலே போதும்.