மார்பகப் புற்றுநோய் பரவலில் ஆர்என்ஏ: முத்திரை குத்தும் அவசரம்

மார்பகப் புற்றுநோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மார்பில் இருக்கும் கட்டி அல்ல. அங்கிருந்து கிளம்பி எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று போய்க் குடியேறும் செல்கள்தான். இந்தப் பரவலில் புரதம் உருவாக்காத ஆர்என்ஏக்களுக்கும் கை இருப்பது 2007 முதல் ஆய்வுகளில் தெரியவந்தது. அந்த ஆய்வுகளைப் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

முதல் சறுக்கல், 'இது நல்ல ஆர்என்ஏ, அது கெட்ட ஆர்என்ஏ' என்று பிரிப்பது. மலாட்1 என்ற நீண்ட ஆர்என்ஏவைப் பாருங்கள். 2003இல் நுரையீரல் புற்றுநோயில் அடையாளம் கண்டபோதே, பரவலோடு தொடர்புடையது என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். 2016இல் மார்பகப் புற்றுநோய் எலிகளில் அதை முடக்கியதும் நுரையீரலுக்குப் பரவுவது குறைந்தது. கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். 2018இல் வேறொரு குழு அதே ஆர்என்ஏவை வேறு முறையில் முடக்கியது. இம்முறை பரவல் கூடியது! மலாட்1ஐத் திரும்பக் கொடுத்ததும் குறைந்தது. பரவலைத் தூண்டும் டீட் என்ற புரதத்தை மலாட்1 பிடித்துவைத்து அடக்குகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

முடக்கும் முறையே முடிவை மாற்றிவிடலாம். டிஎன்ஏவில் ஒரு துண்டையே வெட்டி எடுத்தால், பக்கத்து மரபணுக்களை இயக்கும் பகுதியும் சேர்ந்து போய்விடலாம். பிறகு தெரியும் விளைவு ஆர்என்ஏ இல்லாததாலா, வெட்டியதாலா? ஆகவே முடக்கிய ஆய்வைப் படிக்கும்போது, எப்படி முடக்கினார்கள், திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்களா என்று தேடுங்கள். என் கணக்கில் சுருக்கவுரையைவிட இந்த இரண்டும் முக்கியம்.

பரவல் ஒரே நிகழ்வு என்று எண்ணுவதும் இதே குழப்பத்தைத்தான் கொண்டுவரும். செல் கட்டியிலிருந்து கழன்று, ரத்தத்தில் தப்பிப் பிழைத்து, புதிய இடத்தில் வேரூன்ற வேண்டும். மைக்ரோஆர்என்ஏ என்பவை மிகச் சிறிய ஆர்என்ஏக்கள். அவற்றில் மைக்ரோஆர்என்ஏ-200 குடும்பம் செப்1, செப்2 புரதங்களை அடக்கி, செல்கள் கழன்று ஓடாமல் தடுக்கிறது. ஆனால் போய்ச் சேர்ந்த செல்கள் புதிய உறுப்பில் வளர அதே குடும்பம் துணைபோவதாக 2011இல் எலிகளில் கண்டார்கள். எந்தக் கட்டத்தில் அளந்தார்கள் என்பதைச் சொல்லாமல் முடிவை மட்டும் எடுத்தெழுதினால் பாதி உண்மைதான் மிஞ்சும்.

கட்டி சுருங்கவில்லை என்பதால் சோதனை தோற்றது என்று முடிவுகட்டுவதும் தவறு. மைக்ரோஆர்என்ஏ-10பியின் பாதை 2007இல் தெளிவானது: ட்விஸ்ட் புரதம் அதைக் கூட்டும், அது ஹாக்ஸ்-டி10 என்ற புரதத்தைக் குறைக்கும், அந்தத் தடை நீங்கியதும் செல்லை நகரவைக்கும் ரோ-சி புரதம் ஓங்கும். 2010இல் எலிகளுக்கு இந்த மைக்ரோஆர்என்ஏவின் தடுப்பானைக் கொடுத்தபோது மூலக்கட்டி அப்படியே இருந்தது. நுரையீரல் பரவல் மட்டும் வெகுவாகக் குறைந்தது. ஏற்கெனவே பிரிந்து போய்விட்ட செல்களிடம் அது எடுபடவில்லை. இந்தக் கடைசித் தகவலைத்தான் செய்திகள் விட்டுவிடுகின்றன.

ஹோட்டேர் என்ற இன்னொரு நீண்ட ஆர்என்ஏ விஷயத்தில் வேறு மாதிரிச் சிக்கல். மூலக்கட்டியில் அது அதிகமிருந்தால் பரவும் வாய்ப்பும் மரண ஆபத்தும் கூடுதல் என்று 2010இல் காட்டினார்கள். பிஆர்சி2 என்ற புரதக் கூட்டத்தை இழுத்துவந்து மரபணுக்களை அணைக்கிறது என்ற விளக்கமும் சேர்ந்தே வந்தது. 2017இல், பிஆர்சி2 இல்லாமலும் ஹோட்டேரால் மரபணுவை அணைக்க முடிகிறது என்று தெரிந்தது. பழைய படத்தை மட்டும் இன்னும் பலர் அப்படியே வரைகிறார்கள்.

ரத்தத்தில் மைக்ரோஆர்என்ஏ அளக்கும் ஆய்வென்றால், மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்தனவா என்று பாருங்கள். அவை உடைந்தால் மைக்ரோஆர்என்ஏ-16, 451 இரண்டும் எகிறும். அது புற்றுநோயின் அடையாளமாகத் தோன்றிவிடும்.

இன்னொன்று, எலியில் வென்றதை மருந்தாகவே நினைத்துவிடுவது. பல வகைக் கட்டிகளுக்காக மைக்ரோஆர்என்ஏ-34இன் நகலை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சையை இன்றும் ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 என்ற புரதம், நோயின் நிலை போன்றவையே தீர்மானிக்கின்றன.