மஞ்சளை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

ஓர் ஏக்கர், ரெண்டு ஏக்கர் மஞ்சள் போட்டவர்களில் பலர் இன்னமும் களத்துக்கு வரும் வியாபாரி சொன்ன விலைக்கே சரக்கை எடை போட்டுவிடுகிறார்கள். ஒரு வருஷத்து வெள்ளாமைக்கு ஒரே ஆள் விலை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஈரோடு, பெருந்துறைப் பக்கம் இருப்பவர்களுக்கு, அரசு மேற்பார்வையில் பல வியாபாரிகள் ஏலத்தில் விலை கேட்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஏற்பாடும் பழையது: 1933-ல் வந்த சட்டத்தின்படி 1936-லேயே திருப்பூரில் முதல் கூடம் திறந்துவிட்டார்கள்.

படி 1: விலையைப் படிக்கப் பழகுங்கள்

தமிழக அரசின் உழவன் செயலியில் சந்தை விலை நிலவரம் வரும். மத்திய அரசின் அக்மார்க்நெட் இணையதளத்தில் ஒவ்வொரு சந்தைக்கும் மூன்று விலை போடுவார்கள்: குறைந்தபட்சம், அதிகபட்சம், மோடல். பலரும் அதிகபட்சத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். அது அன்றைக்கு ஒரே ஒரு நல்ல லாட்டுக்கு (ஏலத்துக்கு வைத்த ஒரு குவியலுக்கு) கிடைத்த விலையாக இருக்கலாம். பெரும்பாலான சரக்கு எந்த விலைக்குப் போனதோ அதுதான் மோடல் விலை; அதை வைத்தே யோசியுங்கள். ஒருநாள் விலை போதாது, ரெண்டு வாரமாவது எழுதி வையுங்கள். விரல் போல நீண்ட விரலி மஞ்சளுக்கும், உருண்டையான தாய்க்கிழங்குக்கும் (கிழங்கு என்பார்கள்) விலை வேறு. எல்லாமே குவிண்டால் கணக்கு, அதாவது 100 கிலோ. வியாபாரி மூட்டைக்கு விலை சொன்னால், மூட்டை எத்தனை கிலோ, சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறார் என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: கைக்கு எவ்வளவு நிற்கும்?

கூடத்தில் விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. சந்தைக் கட்டணம் 1 சதவீதம். அதை வாங்கும் வியாபாரி கட்டுகிறார். வண்டி வாடகையும் ஏற்றுக்கூலியும் உங்களுடையவை. உதாரணத்துக்கு, 10 குவிண்டாலுக்கு அந்தச் செலவு 2,500 ரூபாய் என்றால் குவிண்டாலுக்கு 250 ரூபாய். களத்து விலையைவிடக் கூடத்து விலை அதற்கு மேல் கூடுதலாக இருந்தால்தான் லாபம். சரக்கு கொஞ்சம் என்றால் பக்கத்துத் தோட்டத்தாரோடு சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றுங்கள்.

படி 3: சரக்கைப் பிரியுங்கள்

விரலி தனி, கிழங்கு தனி. கலந்து போட்டால் மட்டமான விலைக்குத்தான் போகும். விரலியை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று சத்தத்தோடு முறிந்தால் காய்ந்திருக்கிறது. வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, களத்திலேயே இருக்கட்டும். மெருகு ஏற்றிய சரக்குக்குத்தான் வியாபாரிகள் கை நீளும்.

படி 4: ஏலத்தன்று

ஆதார், வங்கிப் புத்தக நகல் கையில் இருக்கட்டும். வேறென்ன வேண்டும் என்று முன்னாடியே கூடத்தில் கேட்டுவிடுங்கள். சரக்கைப் பதிந்ததும் உங்கள் குவியலுக்கு லாட் எண் தருவார்கள். வியாபாரிகள் மாதிரியை ஒடித்து, முகர்ந்து பார்த்துவிட்டு, ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் எழுதிக் கொடுப்பார்கள். இதுதான் மறைமுக ஏலம். 2016-ல் தொடங்கிய இ-நாம் (மத்திய அரசின் இணையவழி வேளாண் சந்தை) நடைமுறையில் இருக்கும் கூடங்களில் இதே ஏலம் கணினி வழியாக நடக்கும். அப்புறம், ஒரு முக்கியமான விஷயம்: அதிக விலை கேட்டவருக்கே கொடுத்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. கட்டுப்படியாகவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எத்தனை வியாபாரிகள் விலை போட்டார்கள் என்றும் கேளுங்கள். ரெண்டு பேர் மட்டும் போட்ட நாளில் நான் பொறுத்திருக்கச் சொல்வேன்.

எடை போடும்போது கூடவே நில்லுங்கள். சீட்டில் லாட் எண், எடை, விலை மூன்றும் சரியா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

படி 5: விலை இல்லையா?

கூடத்தின் கிடங்கில் சரக்கை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன், அதாவது சரக்கையே ஈடாக வைத்துக் கடன் வாங்கலாம். சரக்கு மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் தவணையில் தருகிறார்கள். உச்சவரம்பும் வட்டியும் அவ்வப்போது மாறும் என்பதால் கூடத்தின் கண்காணிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வட்டி, கிடங்கு வாடகை இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு இருப்பு வையுங்கள்.