பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்: பழைய ஜப்பான் ரோபோ பொம்மை வாங்குவோர் செய்யும் தவறுகள்

பழைய பித்தளைச் சாமான் ஒன்று கையில் கிடைத்தால் நமக்கு உடனே புளியைத் தேடத்தான் தோன்றும். தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி ஆக்கி வைத்தால்தான் மனசு ஆறும். ஜப்பான் ரோபோ பொம்மை சேகரிக்க வருகிறவர்கள் முதலில் விட வேண்டிய பழக்கம் அதுதான்.

நான் வாங்கிய முதல் தகர ரோபோவின் நெஞ்சில் ஒரு டயல் இருந்தது. கறுப்பு வட்டம், சிவப்பு முள், சுற்றிலும் பொடி எண்கள். அழுக்கேறிக் கிடக்கிறதே என்று பாத்திரம் துலக்கும் சோப்பையும் பச்சை நாரையும் எடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, முள் காணாமல் போனது. எண்களில் பாதி போயிற்று. அழுக்கு மட்டும் மடிப்பு ஓரங்களில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் தெரிந்தது. தகர பொம்மைகளில் படத்தைக் கடைசியில் வரைவதில்லை. தட்டையான தகரத் தகட்டில் முதலில் லித்தோகிராஃப் முறையில் வண்ணம் அச்சடிப்பார்கள். அதன் பிறகுதான் அதை வெட்டி, அழுத்தி, வளைத்து, ஓரத்திலுள்ள சிறு நாக்குகளை எதிர்ப்பக்கத் துளைகளில் செருகி மடக்குவார்கள். அந்த மை மிக மெல்லிய படலம். போனால் போனதுதான். தூரிகையால் திருத்தலாம் என்றால், புற ஊதா டார்ச் அடித்த மாத்திரத்தில் புது வண்ணம் பெரும்பாலும் வேறு நிறத்தில் தனியாகத் தெரிந்துவிடும். அப்படித் திருத்திய பொம்மை, கீறலோடு விட்டிருந்தால் கிடைத்திருக்கும் விலைக்கும் போகாது.

உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். மிஞ்சிப் போனால், லேசாக ஈரப்படுத்திய பஞ்சைப் பாதத்தின் அடியில் எங்காவது வைத்துச் சோதித்துவிட்டு, மெதுவாகத் துடைத்து உடனே காய வையுங்கள். அதற்கு மேல் கை வைக்க வேண்டாம்.

பொம்மையில் இருக்கும் ஆண்டை நம்புவது

புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். பொம்மையின் முதுகிலோ பாதத்திலோ பொறித்திருக்கும் ஆண்டு, அது தயாரான ஆண்டாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் அது உரிமை பதிவான ஆண்டு, அல்லது அச்சு உருவான ஆண்டு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள் அந்தப் பெயரில் கடைக்கு வந்தது 1984-இல். ஆனால் அவற்றில் சிலவற்றின் உடம்பில் 1974 என்று இருக்கும். ஜப்பானின் தகாரா நிறுவனம் அதற்கு முன்பே விற்றுக்கொண்டிருந்த பொம்மை வரிசைகளிலிருந்து பிறந்தவை அவை. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, ‘1974 ஒரிஜினல், கிடைக்கவே கிடைக்காது’ என்று விளம்பரம் போடுகிறவர்கள் இன்றும் உண்டு. சிலர் தெரிந்தே போடுகிறார்கள், பலர் தெரியாமல் போடுகிறார்கள். பணம் போவது என்னவோ ஒரே மாதிரிதான்.

தகர ரோபோக்களில் இதே கோளாறு வேறு வடிவில் வரும். எதைப் பார்த்தாலும் ‘1950-கள்’ என்று எழுதிவிடுவார்கள். ஹோரிகாவா நிறுவனத்தின் நெஞ்சு திறந்து சுடும் ரோபோக்களில் பல அறுபதுகளில் வந்தவை. அதே வடிவங்கள் பிறகும் பல ஆண்டுகள் கடையில் ஓடின. முதலில் தகரமாக இருந்த பாகங்கள் பின்னால் பிளாஸ்டிக்காக மாறின. ஆகவே பாதம், கை, நெஞ்சுக் கதவு எல்லாம் எதனால் ஆனவை என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘ஆக்கிரமிப்பில் உள்ள ஜப்பானில் தயாரானது’ என்ற ஆங்கில முத்திரைக்கு மட்டும் ஒரு காலவரையறை உண்டு. போருக்குப் பின் ஏற்றுமதி மறுபடி தொடங்கிய 1947-இலிருந்து, ஆக்கிரமிப்பு முடிந்த 1952 வரை. அதனாலேயே அந்த முத்திரையைப் போலியாகக் குத்தவும் செய்கிறார்கள்.

பார்கோடு ஒரு நல்ல நண்பன். ஜப்பானில் அது 1970-களின் இறுதியில்தான் வந்தது. ஐம்பதுகளின் ரோபோ என்று சொல்லிவிட்டு, பெட்டியின் அடியில் பார்கோடு இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை. ஐரோப்பியச் சந்தைக்கான ‘சிஇ’ முத்திரை இருந்தாலும் அதே கதைதான்.

மறுவெளியீடு என்பது போலி அல்ல, ஆனால்

மசுதயா என்றொரு பழைய நிறுவனம். 1724-இல் தொடங்கியதாகத் தன் வரலாற்றைச் சொல்கிறது. ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து அவர்கள் வெளியிட்ட, ஏறக்குறைய 38 செ.மீ. உயரமுள்ள ஐந்து பெரிய ரோபோக்களைச் சேகரிப்பாளர்கள் ‘கேங் ஆஃப் ஃபைவ்’ என்பார்கள். வெளிர் ஊதா நிறத்தில் வந்த நான்-ஸ்டாப் ரோபோ, வானொலி அலையில் இயங்கிய ரேடிகான் ரோபோ, நெஞ்சிலுள்ள இலக்கை நாம் குறி பார்த்துச் சுட வேண்டிய டார்கெட் ரோபோ, ஜயன்ட் சோனிக், அப்புறம் கிடைப்பதற்கே அரிதான மெஷின் மேன். இவற்றைப் பிற்காலத்தில் மசுதயாவே சிறிய அளவில் மறுபடி வெளியிட்டது. அதே முகம், அதே நிறம், பெட்டியில் அதே நிறுவனத்தின் பெயர். படத்தில் மட்டும் பார்த்தால் யாருமே ஏமாறலாம். அளவு என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ நாணயத்தையோ வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

எழுபதுகளின் பொம்மைகளிலும் இதே குழப்பம். ஜப்பானின் பாண்டாய் பொம்மை நிறுவனத்தின் துணை நிறுவனமான போப்பி, மசிங்கர் இசட் என்ற கார்ட்டூன் ரோபோவை 1974-இல் சோகோகின் வரிசையின் முதல் பொம்மையாக வெளியிட்டது. எண் ஜிஏ-01. சோகோகின் என்றால் ‘சூப்பர் உலோகக் கலவை’, கதையில் அந்த ரோபோவின் உடம்பு எதனால் ஆனதோ அதன் பெயர். பாண்டாய் 1997-இல் தொடங்கிய ‘சோல் ஆஃப் சோகோகின்’ வரிசையிலும் முதல் பொம்மை மசிங்கர் இசட்தான், எண் ஜிஎக்ஸ்-01. பெரியவர்களுக்காகச் செய்த அருமையான பொம்மை அது. ஆனால் எழுபதுகளின் சரக்கு அல்ல. ஒரு ஆங்கில எழுத்து வித்தியாசத்தில் இருபத்து மூன்று வருடம் ஒளிந்திருக்கிறது.

சோகோகின் சம்பந்தமாக இன்னொன்று. காந்தம் ஒட்டவில்லை, அப்படியானால் உலோகமே இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். தகரம் என்பது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு, அதில் காந்தம் ஒட்டும். சோகோகின் துத்தநாகக் கலவை வார்ப்பு, அதில் ஒட்டாது. கையில் எடுத்தால் தெரியும் கனமும், தொட்டால் தெரியும் குளிர்ச்சியும்தான் அடையாளம். வார்ப்பில் மயிரிழை வெடிப்போ வீக்கமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் சேர்ந்திருந்தால் உலோகம் உள்ளிருந்தே உதிரத் தொடங்கும், அதற்கு வைத்தியம் கிடையாது.

பெட்டிக்குக் கொடுக்கும் காசு

சில ரோபோக்களுக்கு உள்ளே இருக்கும் பொம்மையைவிட வெளியே இருக்கும் அட்டைப் பெட்டிக்கு விலை அதிகம். குழந்தைகள் பொம்மையை வைத்துக்கொண்டார்கள், பெட்டியைக் குப்பையில் போட்டார்கள். அதனால்தான் பெட்டியை மறுபடி அச்சடிக்கும் தொழில் ஒன்று நடக்கிறது. நகல் என்று சொல்லி விற்றால் அதில் தப்பில்லை. சொல்லாமல் விற்கும்போதுதான் வம்பு.

ஒருமுறை எனக்கு வந்த பெட்டியின் மூடியில் குறுக்காக ஒரு மடிப்புக் கோடு. பழசு என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன். அன்று இரவு தற்செயலாக அதன் மேல் விரலை ஓட்டினேன். வழவழவென்று போயிற்று. கண்ணுக்குத் தெரியும் மடிப்பு விரலுக்குத் தெரியவில்லை. யாரோ ஒரு பழைய பெட்டியை ஸ்கேன் செய்து, அதிலிருந்த மடிப்பையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள்!

அதிலிருந்து பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ் என் மேசையை விட்டு நகர்வதில்லை. பெட்டியில் உள்ள கறுப்பு எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். பழைய அச்சில் எழுத்து முழுக் கறுப்பு மையில் நிற்கும். ஸ்கேன் செய்த நகலில் அதே எழுத்து நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். புற ஊதா டார்ச்சும் உதவும். இந்தக் காலத்துக் காகிதம் பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சிடும், ஐம்பதுகளின் மங்கிய அட்டை அப்படிப் பளிச்சிட்டால் சந்தேகப்படலாம். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

ஜப்பானிய விளம்பரத்தில் நாம் தாண்டிப் போகும் சொற்கள்

தோக்கியோவின் நகானோ பிராட்வே வணிக வளாகத்துக்கு நேரில் போய், அங்குள்ள மண்டராகே என்ற பழைய பொம்மைக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை எடுத்துத் தரச் சொல்லிப் பார்ப்பது போல் வராது. எல்லாருக்கும் அது முடியாது. யாஹூ ஜப்பான் ஏலத்தில் இடைத்தரகு நிறுவனம் வழியாக வாங்குகிறவர்களே அதிகம். அங்கே மொழிபெயர்ப்புக் கருவி தரும் இதமான வாசகங்களை நம்பி மோசம் போகிறோம்.

‘ஜன்கு’ என்று இருந்தால் ஓட்டை உடைசல், திருப்பி வாங்க மாட்டோம் என்று பொருள். ‘தோசா மிகாகுனின்’ என்றால் இயங்குகிறதா என்று சோதிக்கவில்லை என்பது நேர்ப்பொருள். அறுபது வருடப் பொம்மையில் ஒரு பேட்டரியைப் போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஓடாது என்றே வைத்துக்கொண்டு விலை கேளுங்கள். ‘கெப்பின்’ என்றால் ஏதோ ஒரு பாகம் இல்லை. ‘கென்ஜோ’ என்றால் இருக்கிறபடியே தருகிறோம். ‘ஃபுக்கோகு’ என்றால் மறுவெளியீடு. இந்தக் கடைசிச் சொல்லைக் கவனிக்காமல் ஏலம் கேட்டு, வந்த பிறகு விற்றவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. அவர் பாவம், தலைப்பிலேயே எழுதித்தான் வைத்திருந்தார்.

தேடும்போது ஆங்கிலத்தில் மட்டும் தேடுவதும் ஒரு தவறுதான். தகர பொம்மைக்கு அங்கே ‘புரிகி’ என்று பெயர், டச்சு மொழியிலிருந்து போன சொல். அதை ஜப்பானிய எழுத்தில் போட்டுத் தேடினால் வேறொரு சந்தையே திறக்கும்.

அப்புறம் அனுப்பும் செலவு. போப்பி 1973-இல் தொடங்கிய ஜம்போ மஷிண்டர் பொம்மைகள் ஏறக்குறைய 60 செ.மீ. உயரம். ஷாம்பூ பாட்டில் மாதிரி உள்ளே காலியான பாலிஎத்திலீன் உடம்பு, கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஆனால் பல கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணைத்தான் எடையாக வைத்துக்கொள்கின்றன. 65, 35, 25 அளவுள்ள பெட்டிக்கு அது 11 கிலோவைத் தாண்டிவிடும். இந்தியாவுக்குள் பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்க வரியை 2020-இல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தினார்கள். பாதுகாப்புத் தரச் சான்றிதழ் விதிகள் வேறு. ஏலத்தில் கை தூக்குவதற்கு முன்பே அன்றைய விதியை விசாரித்துவிடுங்கள்.

சரியாக இருப்பதைச் சரிசெய்வது

அமெரிக்காவில் விற்ற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சிலவற்றில் ஏவுகணை பாயாது, தொப்பென்று விழும். ஸ்பிரிங் போய்விட்டது என்று பிரித்து மேய்கிறார்கள். அது பழுதே இல்லை. 1978 இறுதியில் வேறொரு நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்தது. அதன் பிறகு அங்கே இந்த விஷயத்தில் கெடுபிடி வந்தது. அங்கே விற்பதற்காக ஸ்பிரிங்கை வேண்டுமென்றே பலவீனமாக்கினார்கள். அதே பொம்மையின் ஜப்பான் பதிப்பு நன்றாகவே சுடும். ஜெட்ஃபயர் என்ற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மையின் இறக்கையில் மக்ராஸ் என்ற வேறொரு ஜப்பான் கார்ட்டூனின் முத்திரையைப் பார்த்துப் போலி என்று திருப்பி அனுப்புவதும் இப்படித்தான். தகாதோகு நிறுவனம் மக்ராஸுக்காக 1982-இல் செய்த வால்கிரி விமான ரோபோதான் அது. தகாதோகு 1984-இல் நொடித்துப் போய், அச்சுகள் பாண்டாய் கைக்கு மாறின. பொம்மை 1985-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்குள் நுழைந்தது. ஆரம்பத் தயாரிப்புகளில் அந்த முத்திரை இருக்கத்தான் செய்யும்.

அதே ஜெட்ஃபயரின் வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகிப் போவதும் பிரசித்தம். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும், உண்மைதான். ஆனால் திட்டுத் திட்டாக வெளுக்கலாம், சில காலத்தில் மறுபடி மஞ்சளாகலாம். ஸ்டிக்கர்களும் தாங்காது. என்னைக் கேட்டால் மஞ்சளாகவே இருக்கட்டும் என்பேன். விற்கும்போது வெளுத்ததைச் சொல்லாமல் மறைப்பது வேறு விஷயம், அதற்குப் பெயர் ஏமாற்று.

வீட்டில் வைக்கும்போது வெயில் படாத அலமாரி போதும். கடலோர ஊர் என்றால் தகரத்துக்குப் பக்கத்தில் சிலிக்கா ஜெல் பைகள் கட்டாயம், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். மென்மையான வினைல் பாகங்களைத் தெர்மாகோல் பள்ளத்திலேயே வருடக்கணக்கில் விட வேண்டாம். வினைலிலிருந்து கசியும் மென்மையாக்கி தெர்மாகோலை உருக்கி இரண்டையும் ஒட்ட வைத்துவிடும். பபுள் ராப்பை வண்ணத்தின் மேல் நேராகச் சுற்றி மூட்டை கட்டினால் குமிழ்களின் தடம் அப்படியே பதியும். நடுவில் அமிலமில்லாத மெல்லிய தாள் வையுங்கள்.

பேட்டரியை ஓட்டிப் பார்த்த கையோடு எடுத்துவிடுங்கள். முள் அழிந்த என் ரோபோவில் அந்தத் தவறை மட்டும் நான் செய்யவில்லை. காலில் பேட்டரிப் பெட்டி, உள்ளே தகடுகள் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. இரண்டு பேட்டரி போட்டு விசையைத் தள்ளினால், வெறும் கறுப்பு வட்டமாகிப் போன நெஞ்சோடு மேசையின் ஓரம் வரை நடந்து வருகிறது.