காவேரிப்பாக்கம் ஏரியில் தூண்டில் போடுவோர் அறிய வேண்டியவை

பாலாற்று அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாயால் நிரம்பும் காவேரிப்பாக்கம் ஏரியிலோ, வேலூரைச் சுற்றியுள்ள சிறிய ஏரிகளிலோ தூண்டில் போட விரும்புவோர், மீன்பாசி குத்தகை, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை, யாரிடம் உள்ளது என்பதை ஊரில் விசாரித்து, அவரிடம் முதலில் அனுமதி பெற வேண்டும்.

மூங்கில் கழி, தூண்டில் நரம்பு, முள், சிறிய ஈயக்குண்டு, மிதப்பு ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். விலை உயர்ந்த கருவிகள் பொறுமைக்கு ஈடாவதில்லை. ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் மண்புழு ஏற்றது. கெண்டைக்குப் பிசைந்த மாவு உருண்டை பொருந்தும். விராலுக்கோ உயிருள்ள சிறு மீன் அல்லது தவளை வேண்டும். விரால் தாமரை இலைகளின் ஓரத்தில் பதுங்கியிருந்து பாய்வதால், இரையை அங்கே மெல்ல நகர்த்துவது நல்லது. மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்தால், அருகில் தாய் அல்லது தந்தை விரால் காவலிருக்கும். அதைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும் என்பதால், அவ்விடத்தை விட்டு விலகுவதே முறை.

நீந்துவதில் கூடுதல் கவனம் தேவை. வண்டல் எடுத்த பள்ளங்கள், இடுப்பளவு நீரில் நடப்பவரையும் ஓரடியில் ஆழத்திற்கு இழுத்துவிடும். திறந்த மதகின் அருகே நீர் உள்ளிழுக்கும். ஏரி நிரம்பிக் கோடி போகும்போது, உபரி நீர் வழிந்தோடும் கலங்கலில் இறங்கவே கூடாது. படகில் செல்ல விரும்பினால் ஏலகிரியின் புங்கனூர் ஏரிக்குச் சென்று, மிதவை அங்கி அணிந்த பிறகே ஏற வேண்டும்.