சேர்விஸ் தவறிய ஜீப்புக்குக் கூலியை மிச்சப்படுத்த

ஜீப்புக்கு இரண்டு மூன்று சேர்விஸ் தவறிப்போயிருந்தால், விட்ட வேலைகளைக் கிலோமீற்றர் வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்யாமல், எந்த இடத்தைக் கழற்ற வேண்டும் என்று பார்த்து ஒன்றுசேர்த்துக் கராஜில் கொடுங்கள். பல எஞ்சின்களில் வோட்டர் பம்ப், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால்தான் இருக்கும், பெல்ட் மாற்றும்போதே பம்பையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும் மாற்றினால் கழற்றிப் பூட்டுகிற கூலி ஒருமுறைதான், பம்பைக் கழற்ற, எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட்டும் எப்படியும் வடியும் என்பதால் புதுக் கூலன்ட் ஊற்றுகிற வேலையும் அதோடு முடிந்துவிடும். அதேபோல, சில்லுக் கழற்றும் நாளில் பிரேக் பாட், பிரேக் ஒயில், டயர் இடம் மாற்றுவது எல்லாம். ஊர்காவற்றுறை, காரைநகர் பக்கம் கடற்காற்றில் ஓடுகிற வண்டி என்றால் பிரேக் பாட்டை அழுத்துகிற கலிப்பர் உப்புத் துருவில் இறுகாமல் கையால் தள்ள அசைகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள், இதை மட்டும் தயவுசெய்து விடவேண்டாம்.

பெல்ட்டுக்குப் பதிலாக டைமிங் செயின் உள்ள எஞ்சினுக்கு இந்தப் பெல்ட் கணக்குப் பொருந்தாது. எஞ்சின் ஒயில் தவணை தாண்டியிருந்தாலோ, பிரேக் பிடிக்கும்போது இரும்பு உராய்கிற சத்தம் கேட்டாலோ வேறு வேலை சேரட்டும் என்று காத்திருக்காமல் உடனே செய்துவிடுங்கள்.