இறங்கும்போது மட்டும் வந்த முட்டி வலி

வயது 61. சென்னிமலையின் 1,320 படிகளையும் ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் இடது முட்டி குத்தும், அதுவும் பாதிக்கு மேல் வந்த பிறகு. முட்டி உறை போட்டேன், நல்லெண்ணெய் தேய்த்தேன், புது ஷூ வாங்கினேன். மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்தேன். அதுதான் இருப்பதிலேயே மோசம், திரும்பப் போனபோது தொடை நடுங்கியது.

மகள் வீட்டுப் பேரன் பின்னாலிருந்து எடுத்த வீடியோவில்தான் விஷயம் பிடிபட்டது. "அப்புச்சி, ஒரே காலையே முன்னாடி வெக்கிறீங்க!" கைப்பிடிக் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் வலது காலையே முதலில் இறக்கியிருக்கிறேன். கீழே போகிற கால் சும்மா போகிறது; மேல்படியில் மடங்கி நிற்கும் காலின் தொடைத்தசைதான் மொத்த உடம்பையும் தாங்கி இறக்குகிறது. அத்தனை படிக்கும் இடது காலே!

அப்புறம் வீட்டு வாசற்படியில் பழகினேன். ஒரு காலில் நின்று, நாலு எண்ணியபடி மெதுவாக முட்டியை மடக்கி, மற்ற குதிகால் தரையைத் தொட்டதும் எழுவது. காலுக்குப் பத்து, ஒருநாள் விட்டு ஒருநாள். முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. மலையில் காலை மாற்றி மாற்றி வைத்தேன். ஏழாவது வாரம் அடிவாரம் வரை குத்தவில்லை. முட்டி உறையைச் சம்பந்தியிடம் கொடுத்துவிட்டேன்.